நிறைந்த நினைவகமும் குறைந்த பற்றுச்சீட்டும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது எதனை எழுதுவதென்று நாம் சிறிது தயங்கினோம். ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களையும், விளையாட்டுத் திடலின் வெற்றிகளையும், விடுதி வாழ்வின் வேடிக்கைகளையும் நம்மினும் வல்லார் பலர் எழுதுவர். நாமோ கல்லூரியை விட்டு நீங்கிய நாள்முதல் கல்முனைக் கரையிலே கணினித் தொழிலிற் காலங் கழித்து வருகின்றோம். இன்று நம் கல்லூரியின் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளைஞருட் பலர் இத்தொழிலையே நாடுகின்றனர் என அறிகின்றோம். ஆதலின் அத்தொழிலில் நாம் கண்ட ஒன்றனை அவர்க்குக் கூறுதல் பயனுடைத்து எனத் துணிந்தோம்.

இயந்திரச் செய்திகளைத் தமிழிலே சொல்லல் எளிதோ என ஐயுறுவாரும் உளர். கல்முனைக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலானந்த அடிகள், கணிதமும் பௌதிகமும் இசையும் ஒருங்கே விரவிய யாழ் நூலை 1947இல் தமிழுக்குத் தந்து சென்றார். அவர் பிறந்த மண்ணின் அயலிலே வாழும் நமக்கு அவ்வையம் எழுதல் தகாது.

இக்கரைவாழ் மக்களுக்கு ஏடுகளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை எழுந்தபோது உயிர்கள் போயின. உயிரோடு எஞ்சியோரின் உறுதிகளும், கடைக் கணக்கேடுகளும், பிறப்புச் சான்றுகளும் போயின. அவ்வழிவின் பின்னர் நம் நாட்டுக் கணினி வல்லுநர் பலர் ஒன்றுகூடிக் காணாமற் போனோரையும், முகாம்களில் இருந்தோரையும், வந்த உதவிகளையும் பதியும் தரவுத்தளமொன்றைச் சில கிழமைகளில் ஆக்கினர். ‘சஹன’ என்பது அதன் பெயர். ‘நிவாரணம்’ என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கென வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே உரியதாயிற்று. பெயரைப் பதிந்து வைத்தல் எவ்வளவு பெரிய காரியம் என்பதை இக்கரை அன்று கண்டது. இன்று கல்முனைக் கடைத்தெருவிற் சிறு கடைகள்கூடத் தம் பேரேட்டைக் கணினியிலேயே வைத்திருக்கின்றன. ஏடு இடம் மாறிற்று; ஏட்டின்மேல் நாம் வைக்கும் நம்பிக்கை மாறவில்லை. அந்நம்பிக்கை ஒருகால் எவ்வாறு ஓர் இளைஞரின் வாழ்வைக் கெடுக்கப் பார்த்தது என்பதே நாம் கூறப்புகும் கதை.

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவுகள். அவ்விரவுகளிற் கல்முனைக் கடைத்தெருவைக் கண்டவர் அதனை மறவார். தராவீஹ் தொழுகை முடிந்ததும் மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். நள்ளிரவு கடந்தும் புடைவைக் கடைகள் திறந்திருக்கும். முந்திய ஆண்டு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் மீண்டும் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வந்த காலம் அது. அத்தெருவிலே பெரிய புடைவைக் கடையொன்று. அதற்கு அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் கிளைகள். எல்லாக் கிளைகளின் கணக்கும் தலைக்கடையின் மேல்மாடியிலிருந்த ஒரே வழங்கியில் இருந்தது. வழங்கி என்றது, பல கணினிகள் கேட்பதை எடுத்து வழங்கும் தலைமைக் கணினியை.

பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் அக்கடையின் உரிமையாளர் எம்மை அழைத்தார். ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். அவர் முகத்திற் களை இல்லை.

“மெமரி காணாது, மெமரி காணாது எண்டு மூண்டு தரம் சொல்லிட்டாங்க தம்பி. புதுசு வாங்கிப் போட்டும் அதே கதைதான். இப்ப அது போகட்டும், இந்தப் பொடியன் செஞ்ச வேலயப் பாருங்க,” என்று ஒரு தாளை எம்மிடம் நீட்டினார்.

செய்தி இதுதான். இருபத்தேழாம் இரவின் கணக்கிலே பற்றுச்சீட்டு எண்கள் தொடர்ச்சியாய் இல்லை. இடையிடையே விடுபட்ட எண்கள் எண்பத்து மூன்று. பணப்பெட்டிகளிலோ கணக்கிற் கண்டதைவிட 41,350 ரூபா மிகுதியாய் இருந்தது. அடுத்த நாட்களில் உடை மாற்ற வந்தோர் சிலர் கையிற் கொணர்ந்த சீட்டுகள் கணினியிற் காணப்படவில்லை. தலைக்கடையிற் பற்றுச்சீட்டை நீக்கும் அதிகாரம் தலைமைக் காசாளர் ஒருவருக்கே உண்டு. அவர் எண்பத்து மூன்று சீட்டுகளை அழித்து, ஒரு சீட்டுக்குச் சராசரி 4,500 ரூபா எனக் கணக்கிட்டால் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பணத்தைக் கவர்ந்திருக்கிறார் என்றும், மிகுதியாய்க் கிடந்த பணம் எடுத்துச் செல்ல வாய்ப்பின்றி விட்டுப்போனது என்றும் ஹாஜியாருக்குப் பலர் சொல்லியிருந்தனர். காசாளர் பெருநாளன்றே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

அவ்விளைஞர் மருதமுனையைச் சேர்ந்தவர். தந்தை கைத்தறியில் உழைத்து அவரைப் படிக்க வைத்தவர். எம்மைக் காண வந்தபோது அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அல்லாஹ் அறிய நான் ஒரு பில்லும் அழிக்கல்ல, சேர்,” என்று மட்டும் சொன்னார். சிற்றூர்கள் நெருங்கிக் கிடக்கும் இக்கரையிலே, களவு செய்து விலக்கப்பட்டவன் என்ற சொல் ஒரு நாளில் ஊரெங்கும் பரவும். அதன்பின் எந்தக் கடைவாயிலும் அவருக்குத் திறவாது.

எமக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை நினைவகக் குறையைத் தீர்ப்பது மட்டுமே. ஆயினும் இரு செய்திகளும் ஒரே இரவிற்குரியன என்பதை நாம் குறித்துக்கொண்டோம்.

நினைவகம் என்பது யாதெனச் சுருங்கக் கூறுவோம். கணினியில் எழுதியவை நிலையாய் இருப்பது வட்டில். ஆனால் வட்டிலிருந்து எடுத்தல் தாமதமுடையது. ஆகவே அடிக்கடி வேண்டப்படுவனவும், அந்நேரத்திற் செய்யப்படும் வேலைகளும் நினைவகத்தில் வைக்கப்படும். கல்லோயாத் திட்டத்தின்கீழ் வேளாண்மை செய்யும் நம் போடியார்களுக்கு இது விளங்கும். சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்கால் வழியாக வயலை அடைய நேரம் செல்லும். அயலிலே ஒரு குளத்தில் நீரைத் தேக்கி வைத்தால் வேண்டியபோது உடனே பாய்ச்சலாம். வட்டு பெருந் தேக்கம், நினைவகம் அயற்குளம்.

குளம் நிறைந்திருத்தல் நோயன்று. இதனை அறியாமையே இத்தொழிலின் முதற் குழப்பம். ‘ஃப்ரீ’ என்னும் கட்டளையை இட்டால், லினக்ஸ் இயக்க முறைமை தன் நினைவகக் கணக்கைக் காட்டும். அதிலே ‘வெறுமையாய் உள்ளது’ எனக் காட்டும் இலக்கம் அக்கடையின் வழங்கியில் எப்பொழுதும் மிகச் சிறிதாகவே இருந்தது. 16 கிகாபைட்டில் 300 மெகாபைட்டே வெறுமை. அதைக் கண்டே முன்பு பராமரித்தோர் ‘நினைவகம் காணாது’ என்றனர். உண்மையில், வேலையின்றிக் கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வீணே விடாது. வட்டிலிருந்து படித்த கோப்புகளை அதிலே பதுக்கி வைக்கும். வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் அப்பதுக்கை உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே பார்க்க வேண்டியது ‘வெறுமை’ என்ற இலக்கத்தை அன்று. ‘கிடைக்கத்தக்கது’ என்ற இலக்கத்தை. அதனை மதிப்பிட்டுக் காட்டும் வழி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் கருனியின் 3.14ஆம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது. பகல் வேளையில் அவ்வழங்கியிற் கிடைக்கத்தக்கது 5 கிகாபைட் வரை இருந்தது. அதாவது, பகலில் அதற்கு ஒரு நோயும் இல்லை.

இரண்டாம் குழப்பம் ‘டொப்’ என்னும் கட்டளையினால் எழுவது. அக்கடையிற் பயன்பட்ட தரவுத்தளம் பொஸ்ட்கிரெஸ். அதிலே ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிப் பணியாளன் உண்டு. எல்லாப் பணியாளரும் பயன்படுத்தும் பொது நினைவகம் ஒன்றும் உண்டு. ‘டொப்’ ஒவ்வொரு பணியாளன் எதிரிலும் அவன் தொட்ட பொது நினைவகத்தையும் சேர்த்தே எழுதும். ஐம்பது பணியாளர் எதிரே ஐம்பது முறை ஏறக்குறைய 8 கிகாபைட் எனக் கண்டால் அதனைக் கூட்டி 400 என அஞ்சுவார் உண்டு. ஒரு தெருவிலுள்ள ஐம்பது வீட்டாரும் பொதுக் கிணறொன்றில் நீர் அள்ளுகின்றனர். அதனால் அத்தெருவில் ஐம்பது கிணறு என்போமா? பங்கிட்டுக் காட்டும் கணக்கு லினக்ஸில் வேறாக உண்டு. அதனைப் பார்த்தபோது ஒவ்வொரு பணியாளனுக்கும் தனியாக உரியது பத்து மெகாபைட் அளவே என்பது தெரிந்தது.

அவ்வாறாயின் இருபத்தேழாம் இரவில் நிகழ்ந்தது யாது? நினைவகம் உண்மையாகவே போதாமற் போகும்போது இயக்க முறைமை சில பக்கங்களை வட்டுக்கு இறக்கிவைத்து, வேண்டியபோது மீண்டும் ஏற்றும். 1962இல் மஞ்செஸ்டரிலே தொடங்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினியில் முதன்முதல் அமைந்த உத்தி இது. வட்டில் இறக்கிய பக்கங்கள் அங்கேயே அமைதியாய்க் கிடந்தால் தீங்கில்லை. ஆனால் இறக்கலும் ஏற்றலும் இடைவிடாது நிகழ்ந்தால், கணினி தன் வேலையை விட்டுச் சுமை தூக்குவதிலேயே காலத்தைச் செலவிடும். பீற்றர் டெனிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இலேயே இதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு வேலைக்கும் அந்நேரத்தில் இன்றியமையாத பக்கங்கள் சில உண்டு. அவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை நினைவகத்தை மீறினால் இத்தடுமாற்றம் நேரும் என்பது அவர் கண்ட முடிவு. ‘விஎம்ஸ்டாட்’ என்னும் கட்டளை இப்போக்குவரத்தை நொடிதோறும் காட்டும். அன்றிரவின் நொடிகள் கடந்துவிட்டனவாயினும், அவ்வழங்கி பத்து நிமிடத்துக்கொருமுறை தன் நிலையைக் குறித்து வைத்திருந்தது. இரவு பத்தரை மணிமுதல் ஒரு மணிவரை இறக்கலும் ஏற்றலும் மலைபோல் உயர்ந்திருந்தன.

இதற்கும் மேலே நெருக்கடி முற்றினால் லினக்ஸ் ஒரு கடுஞ் செயலைச் செய்யும். முழுக் கணினியும் நின்றுவிடாதபடி, மிகுந்த நினைவகம் உண்ணும் பணி ஒன்றனைத் தேர்ந்து கொன்றுவிடும். கொன்றதைத் தன் பதிவேட்டில் நேரத்தோடு எழுதியும் வைக்கும். அப்பதிவேட்டைத் திறந்தோம். இரவு 10.42, 11.37, 12.58 என மூன்று கொலைகள். தரவுத்தளத்தின் சொந்தப் பதிவேட்டிலும் அதே மூன்று நேரங்கள்: ஒரு பணியாளன் ஒன்பதாம் இலக்கச் சமிக்ஞையால் மாண்டான் என்ற குறிப்பு. பொஸ்ட்கிரெஸில் ஒரு பணியாளன் இவ்வாறு மாண்டால், பொது நினைவகம் பழுதுற்றிருக்கலாம் எனக் கருதித் தலைமைப் பணி ஏனைய இணைப்புகள் எல்லாவற்றையும் அறுத்து, முன்னெழுதிய குறிப்புகளிலிருந்து தன்னை மீட்டெடுத்துக்கொண்டு புதிதாய்த் தொடங்கும். உறுதிசெய்யப்பட்ட கொடுக்கல் வாங்கல் ஒன்றேனும் கெடாது. உறுதிசெய்யப்படாதது ஒன்றேனும் எஞ்சாது. அதுவே தரவுத்தளத்தின் அறம்.

இங்கேதான் காசாளரின் வழக்கு எம் கண்முன் தெளிந்தது. அக்கடையின் விற்பனை நிரல் முதலிற் பற்றுச்சீட்டை அச்சிடும். அதன் பின்னரே கணக்கை உறுதிசெய்யும். வேகமான வேளையில் இரண்டிற்கும் இடையே கண்ணிமைப் பொழுதுகூட இராது. வழங்கி தடுமாறிய அவ்விரவிலோ அவ்விடைவெளி பல நொடிகளாய் நீண்டது. வாடிக்கையாளர் பணத்தைக் கொடுத்துச் சீட்டைப் பெற்றுப் போனார். பணம் பெட்டியில் விழுந்தது. கணக்கு உறுதிப்படுமுன் இணைப்பு அறுந்தது. தலைக்கடையில் மூன்று பணப்பெட்டிகள், மூன்று அறுபடல்கள். ஆக ஒன்பது சீட்டுகள் இருத்தல் கூடும் என எண்ணினோம்.

அப்படியாயின் விடுபட்ட எண்கள் எண்பத்து மூன்று ஆனதேன்? அதற்கும் காரணம் உண்டு. தொடர் எண்ணைக் கொடுக்கும் பொஸ்ட்கிரெஸ் உறுப்பு, ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறாது. கொடுக்கல் வாங்கல் கைவிடப்பட்டாலும் அவ்வெண் போனது போனதே. மேலும் ஒவ்வொரு முறையும் வட்டில் எழுதும் சிரமத்தைக் குறைக்க, முப்பத்திரண்டு எண்களை முன்கூட்டியே செலவானதாகக் குறித்துவைக்கும். இடையில் விபத்து நேர்ந்தால், குறித்த எல்லைக்கு அப்பாலிருந்தே மீண்டும் எண்ணத் தொடங்கும். மூன்று விபத்துகளில் தொண்ணூறு வரையான எண்கள் இவ்வாறு ஒருவரும் தொடாமலே மறையலாம். அவை அழிக்கப்பட்ட சீட்டுகள் அல்ல, பிறவாத சீட்டுகள். அன்றியும், காசாளர் ஒரு சீட்டை நீக்கினால் நீக்கியவர் பெயரும் நேரமும் தனியேட்டிற் பதியும். அவ்வேட்டில் அன்றிரவுக்கு ஒரு வரியும் இல்லை.

கணினியின் சொல்லைக் கணினியாலேயே மெய்ப்பித்தல் ஹாஜியார்போன்ற அனுபவசாலிகளுக்குப் போதாது என்பதை நாம் அறிவோம். அக்கடையிற் சீட்டுகள் இரட்டைத் தாளில் அச்சிடப்படுவன. அடித்தாளைக் கம்பியிற் கோத்துவைத்தல் அவர் தந்தையார் காலத்து வழக்கம். கணினி வந்த பின்னரும் அவ்வழக்கம் நிற்கவில்லை. ஆயினும் அவற்றை எவரும் பார்ப்பதில்லை. இருபத்தேழாம் இரவின் அடித்தாள்கள் ஒரு சாக்கில் மேல்மாடி மூலையிற் கிடந்தன. ஹாஜியாரும் கணக்காளரும் நாமும் காசாளரும் அசர் தொழுகைக்குப் பின் அமர்ந்து இரவு வரை அவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். கணினியில் இல்லாத எண்ணுடைய தாள்கள் ஒன்பது. மூன்று 10.42க்குச் சற்று முந்தியவை, மூன்று 11.37க்கு, மூன்று 12.58க்கு. தொகைகளைக் கணக்காளர் கூட்டினார். 41,350 ரூபா. ஒரு சதமும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஹாஜியார் எழுந்து இளைஞரின் தோளிற் கை வைத்தார். “பிழையா நினச்சிட்டேன் மகன்,” என்றார். மறுநாட் காலை வேலையாட்கள் அனைவரையும் கூட்டி, அவர் முன்னிலையிலேயே நிகழ்ந்ததைச் சொல்லி, அவரைப் பழைய இருக்கையில் அமர்த்தினார். களவுப் பேச்சு எத்துணைப் பேர் செவியில் விழுந்ததோ அத்துணைப் பேர் செவியிலும் உண்மையும் விழவேண்டும் என்பது அவர் கருத்து. அதனை நாம் மிக மதித்தோம்.

இனி நோய்க்கு மருந்து கூறாது விடுதல் முறையன்று. நினைவகம் எங்கே சென்றது எனக் கணக்கிட்டோம். முன்பு பராமரித்தோர் பொது நினைவகத்துக்கு 8 கிகாபைட் ஒதுக்கியிருந்தனர்; அதாவது முழுமையிற் பாதி. வரிசைப்படுத்தல், பொருத்தல் போன்ற வேலைகளுக்கு ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளத்தக்க அளவை, இயல்பாயுள்ள 4 மெகாபைட்டிலிருந்து 64 ஆக உயர்த்தியிருந்தனர். இணைப்புகளின் எல்லை 300. பகலில் நாற்பது இணைப்பு. பெருநாளிரவிலோ பெட்டிகளும், இருப்புப் பார்க்கும் கைப்பேசிகளும், கிளைகளும் சேர்ந்து இருநூறு. அவற்றுட் பாதி ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தினும் 6 கிகாபைட்டுக்கு மேல். இருநூறு பணியாளரின் தனித்தேவை 2 கிகாபைட். பொது நினைவகம் 8. ஆக 16ஐத் தாண்டிற்று. இயக்க முறைமைக்கோ ஒன்றும் மிச்சமில்லை. அதன்மேல் அவ்வேளையிலேயே ஆண்டுக் கணக்கறிக்கையையும் ஒருவர் ஓட்டியிருந்தார். பெரிய வினவல் ஒன்று 64 மெகாபைட்டை ஒருமுறை மட்டும் எடுப்பதில்லை; அதன் ஒவ்வொரு படியிலும் தனித்தனியே எடுக்கும். சில படிகள் அதன் இருமடங்கும் எடுக்கலாம்.

வாய்க்காற் காவல் செய்யும் வட்டவிதானையாரைக் கேட்டால் இதனை ஒரு வாக்கியத்தில் விளக்குவார். ஒரு வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை மட்டும் பார்த்து மடையின் அளவை வகுக்கக் கூடாது. எல்லா வயல்களும் ஒரே பொழுதில் மடை திறந்தால் குளம் தாங்குமோ எனப் பார்த்தே வகுக்க வேண்டும்.

ஆகவே பொது நினைவகத்தை 4 கிகாபைட்டாகக் குறைத்தோம். தரவுத்தளத்துக்கென்றே உள்ள வழங்கியில் மொத்தத்தின் காற்பங்கிலிருந்து தொடங்குக என்பது பொஸ்ட்கிரெஸின் கைந்நூலும் கூறும் அறிவுரை. எஞ்சியது இயக்க முறைமையின் பதுக்காய்ப் பயன்படும். வேலை நினைவகத்தை 8 மெகாபைட்டாக்கி, கணக்காளரின் பெயருக்கு மட்டும் 64ஐ விட்டுவைத்தோம். அவருடைய அறிக்கையைச் சுபஹுத் தொழுகைக்குப் பிந்திய அமைதியான வேளைக்கு மாற்றினோம். இருநூறு பேரும் நேரே உள்ளே நுழையாமல், ‘பிஜிபவுன்சர்’ என்னும் வாயிற்காவலனை முன்னே நிறுத்தி, முப்பது மெய்யிணைப்புகளை முறைவைத்துப் பகிரச் செய்தோம். கடனுக்கு மேற் கடன் கொடுப்பதுபோல் இல்லாத நினைவகத்தை வாக்களிக்கும் லினக்ஸின் இயல்பையும் கட்டுப்படுத்தினோம். அப்போது பெரும்பாலும் ஒரு வினவல் மறுக்கப்படுமேயன்றிப் பணியாளன் கொல்லப்படான். இங்கு ஒரு எச்சரிக்கை: அக்கட்டுப்பாட்டின் இயல்பான எல்லை மொத்த நினைவகத்தின் 50 விழுக்காடும் வட்டிலுள்ள மாற்றிடமுமே. அதனை உயர்த்தாது விட்டால், இடம் இருக்கவும் இல்லை என மறுக்கும். ஈற்றிலே, கணக்கு உறுதிப்பட்ட பின்னரே சீட்டு அச்சாகும்படி விற்பனை நிரலை மாற்றுவித்தோம். எல்லாவற்றினும் இதுவே தலையாயது.

மைஎஸ்குயூஎல் என்னும் தரவுத்தளத்தை ஆள்வோர்க்கும் இக்கணக்குப் பொருந்தும். பெயர்களே வேறு. அங்கும் பெரும் பொதுக்குளம் ஒன்று; இணைப்புதோறும் சிறு மடைகள் பல. குளத்தின் அளவையும், மடையின் அளவை இணைப்பின் எண்ணிக்கையாற் பெருக்கி வருவதையும் கூட்டி, மொத்த நினைவகத்தோடு ஒப்பிடுக.

2024ஆம் ஆண்டுப் பெருநாளிரவிலும் அதே 16 கிகாபைட் வழங்கியே நின்றது. கூட்டம் குறையவில்லை, ஓர் இணைப்பும் அறுபடவில்லை, ஓர் எண்ணும் விடுபடவில்லை. 2022இன் தொடக்கத்தில் டொலரொன்றுக்கு இருநூறு ரூபா அளவில் நின்ற நம் நாணயம் சில திங்களுள் முந்நூற்றறுபதை எட்டிய பின்னர், இறக்குமதியாகும் கணினி உறுப்பொன்றைத் தேவை அறியாது வாங்குதல் சிறு செலவன்று. அக்கடை ஏற்கெனவே ஒருமுறை வாங்கியது. வாங்கிய நினைவகத்தையும் பொதுக் குளத்துக்கே கொடுத்துவிட்டமையால், நெருக்கடி இருந்தவாறே இருந்தது. இரவுதோறும் வழங்கியை நிறுத்தித் தொடங்குவதும் அவர்கள் கைக்கொண்ட மருந்துகளுள் ஒன்று. அது பதுக்கியவற்றையெல்லாம் கொட்டிவிட்டுக் காலையிற் கடையை மேலும் மந்தமாக்கியதேயன்றி நோயைத் தொடவில்லை.

மாணவச் செல்வங்களே, நம் கல்லூரியிற் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் விடை சரியாயிருந்தாலும் வழி காட்டாத தாளுக்குப் புள்ளி இடமாட்டார். அன்று அது எமக்குக் கடுமையாய்த் தோன்றிற்று. ‘நினைவகம் காணாது’ என்பது வழியில்லாத விடை. ‘காசாளன் திருடினான்’ என்பதும் வழியில்லாத விடையே. இரண்டும் ஓர் இலக்கத்தைக் கண்டு, அவ்விலக்கம் எதனை அளக்கிறது என்று கேளாமையாற் பிறந்தவை. நாளை நீங்கள் மருத்துவமனையின் பதிவேட்டையோ, வங்கியின் பேரேட்டையோ, பரீட்சைப் பெறுபேறுகளையோ தாங்கும் வழங்கிகளைக் காப்பீர்கள். திரையில் ஓர் எண் சிவந்து தோன்றும்போது, அவ்வெண் எதனைக் கூட்டியது, எதனை இருமுறை எண்ணியது, எந்நேரத்துக்குரியது என மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதன்பின் பதிவேட்டைத் திறவுங்கள். அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கலாம் என்பதை மறவாதிருங்கள்.

விழாக் காணும் நம் கல்லூரி இன்னும் பல்லாண்டு நின்று, ஆராய்ந்து பேசும் மாணாக்கரை இக்கிழக்குக் கரைக்கும் நாட்டுக்கும் தந்துகொண்டிருக்க வாழ்த்துகின்றோம்.